மாவில் பிசைந்த துறைமுகம்

கப்டன் பீற்றர் கலாவதியிடம் முதன்முதலாக வாய் திறந்து கேட்டது ஒரு உருண்டை மாவைத்தான்.

லண்டன் லூயிஷாமில் கவுன்சில் நடத்திய பகல் நிலையம் அது. கண் தெரியாதவர்களையும் தனியாக நடமாட முடியாத முதியவர்களையும் காலையில் மினிபஸ் ஏற்றிக்கொண்டு வரும். அவர்கள் தேத்தண்ணி குடித்து, பிங்கோ விளையாடி, மத்தியானம் சாப்பிட்டு, பின்னேரம் வீடு திரும்புவார்கள். கலாவதிக்குச் சமையலறையில் வேலை. யாழ்ப்பாணத்தில் இருந்து எண்பத்து நாலில் வந்தவள். புருஷன் பாலேந்திரா பெற்றோல் ஸ்டேஷனில் ஷிப்ட் செய்துகொண்டிருந்தான்.

பீற்றருக்கு எண்பது தாண்டிவிட்டது. நீரிழிவு கண்ணைக் கொண்டுபோய்விட்டது. வெள்ளைக்காரர், நெடிய உடம்பு, பெரிய கைகள். ஒருவரோடும் பேசமாட்டார், பிங்கோவுக்கும் வரமாட்டார். ஏதோ வெளிநாட்டில் கப்பல்களோடு வேலை செய்தவராம் என்று சொல்லி எல்லோரும் அவரைக் கப்டன் என்று கூப்பிட்டார்கள். சாப்பாட்டுத் தட்டை வைத்தால் "நன்றி" என்பார். அதோடு சரி.

தொண்ணூற்று நாலாம் ஆண்டு கார்த்திகை மாதத்தில் ஒரு நாள் இறைச்சியை உள்ளே வைத்துச் சுடும் பைக்காகக் கலாவதி மா பிசைந்துகொண்டிருந்தபோது அவர் தடியைத் தட்டித் தட்டிச் சமையலறை வாசல்வரை வந்துவிட்டார்.

"அந்த மாவில் மிச்சம் வந்தால் எனக்குக் கொஞ்சம் தருவீர்களா?"

கலாவதி ஒரு உருண்டையை ஒரு தட்டத்தில் வைத்துக் கொடுத்தாள். கிழவருக்குப் பொழுது போகவில்லை, பாவம், பிள்ளைகள் மாதிரி உருட்டிக்கொண்டு இருக்கட்டும் என்று நினைத்தாள். பாத்திரங்களைக் கழுவி முடித்து, மேசை துடைக்கப் போனவள் அப்படியே நின்றுவிட்டாள்.

தட்டத்தில் மலைகள் நின்றன. சும்மா குவித்து வைத்த மேடுகள் அல்ல. ஒன்று பெருவிரலை நிமிர்த்திப் பிடித்ததுபோல இருந்தது. இன்னொன்றின் உச்சியில் ஒரு உருண்டைக் கல், கழுத்தில் தலை இருக்கிற மாதிரி. சரிவுகளில் அவருடைய விரல்நகம் கீறிய பள்ளங்கள்கூட இருந்தன.

"இது எந்த மலை, கப்டன்?"

"கையைக் கொண்டு வாருங்கள்." அவளுடைய கையைப் பிடித்து மலைகளின் வெளிப்பக்கம் வைத்தார். "வருஷம் முழுக்கக் காற்று இந்தப் பக்கத்தில் இருந்துதான் அடிக்கும். விடாது. இந்தப் பக்கம் ஒரு கப்பல் நிம்மதியாக நிற்க முடியாது." பிறகு கையை மலைக்கு மேலால் தூக்கி மறுபக்கம் வைத்தார். "இங்கே மலை காற்றைத் தடுத்துவிடும். கடல் எண்ணெய் ஊற்றினதுபோலக் கிடக்கும். மொறீசியஸ் தீவு. போர்ட் லூயிஸ் துறைமுகம். நான் அங்கே பைலட். கடலில் வந்து நிற்கும் கப்பலில் ஏறி, அதை உள்ளே கொண்டுவந்து கட்டுவது என் வேலை."

கலாவதிக்கு மொறீசியஸ் என்றதும் நினைவுக்கு வந்தது பள்ளிக்கூடத்துப் பூமிசாஸ்திரத்தில் ஒரே ஒரு வரிதான். மொறீசியஸ், சீனி. சோதனைக்காகப் பாடமாக்கி, சோதனை முடிந்ததும் மறந்த வரி.

"ஏன் அந்த இடத்தில துறைமுகம்? தீவைச் சுத்தி எல்லாப் பக்கமும் கடல்தானே?" என்று கேட்டாள்.

அவருடைய முகம் மாறியது. அப்படி ஒரு கேள்வியை யாரும் கேட்டு வெகுகாலம் ஆகியிருக்க வேண்டும்.

"தீவைச் சுற்றிப் பவளப்பாறை. வேலி அடைத்ததுபோல. கப்பல் அதில் முட்டினால் முடிந்தது கதை. ஆனால் பவளம் உப்பில்லாத நல்ல தண்ணீரில் வளராது. இந்த மலைகளில் இருந்து சின்னச் சின்ன ஓடைகள் இறங்கி இந்த இடத்தில் கடலில் விழுகின்றன. அதனால் இந்த இடத்தில் வேலி அடைபடவில்லை."

"பொட்டு!" என்றாள் கலாவதி தன்னை அறியாமல் தமிழில். வேலியில் ஆள் நுழையும் இடைவெளிக்கு அவளுடைய ஊரில் அதுதான் பெயர்.

"என்ன?"

"ஒண்டுமில்லை, கப்டன். விளங்குது."

அவர் சொல்லிக்கொண்டே போனார். அந்தத் தீவில் எங்கே பார்த்தாலும் கரும்பு. நெல் விளையாது. சாக்கில் கட்டின சீனி தட்டையான சரக்கு வள்ளங்களில் வந்து கப்பலில் ஏறினால்தான் ரங்கூனில் இருந்தும் கல்கத்தாவில் இருந்தும் அரிசி வந்து இறங்கும். மடகஸ்காரில் இருந்து மாடு வரும். தூரத்துத் தீவுகளில் இருந்து கருவாடும் தேங்காயெண்ணெயும் வரும். சீனி கட்டுகிற சாக்குகூடக் கல்கத்தாவில் இருந்துதான் வர வேண்டும். ஒரு தீவின் சோறும் துணியும் விளக்குக்கு எண்ணெயும் எல்லாம் அந்த ஒரு வாயால்தான் உள்ளே போயின.

கலாவதி ஈரக்கையைத் துடைக்க மறந்து நின்றாள். மலையில் இருந்து இறங்குகிற, கால் நனைத்துத் தாண்டக்கூடிய ஒரு ஓடை. அது இல்லாவிட்டால் அந்த ஊரே இல்லை.

நிலையத்து மனேஜர் டோரினுக்கு இது பிடிக்கவில்லை. "சாப்பாட்டு மா விளையாட்டுச் சாமான் இல்லை. எலி வரும்" என்றாள்.

"உப்பை நல்லாய்ப் போட்டுப் பிசைஞ்சு தாறன். எலி கிட்டவும் வராது" என்றாள் கலாவதி.

டோரின் சின்ன வயதில் ஜமேய்க்காவில் கிங்ஸ்டன் துறைமுகத்துப் பக்கத்தில் வளர்ந்தவள். தட்டத்தைச் சுற்றி ஒரு தரம் நடந்தாள். அடுத்த நாள், கால் உடைந்து மூலையில் கிடந்த மேசைப்பந்துப் பலகையை இழுத்து வந்து ஜன்னலுக்குக் கீழே இரண்டு பெட்டிகளின் மேல் போட்டுவிட்டாள்.

அந்தக் குளிர்காலம் முழுக்கப் பலகையில் கடல் வளர்ந்தது. பாறைகள், அவற்றுக்கு நடுவே ஆழமான கால்வாய், வாயிலின் இரண்டு பக்கமும் இரண்டு பழைய கோட்டைகள், கப்பல்களை முன்னும் பின்னும் கட்டி நிறுத்தும் மிதவைகள், சீனி வள்ளங்கள் ஒதுங்கும் உள்குடா. கலாவதி மா பிசைந்து கொடுப்பாள். அவர் ஒவ்வொன்றையும் வைத்துவிட்டு, விரல்களை நீட்டித் தடவிப் பார்த்து, சில வேளை அரை அங்குலம் தள்ளி வைப்பார். ஒரு நாள் தன் சட்டையில் இருந்து ஒரு வெள்ளைப் பொத்தானைப் பிய்த்தார்.

"ஐயோ, ஏன் கப்டன்? பொத்தான் வேணுமெண்டால் நான் தந்திருப்பன்."

"இது கட்டாயம் வேண்டும். இது இல்லாமல் ஒரு கப்பலும் உள்ளே வராது." மலைச்சரிவில் விரலால் அளந்து அளந்து ஒரு இடத்தில் பொத்தானை அழுத்தினார். "கரையில் ஒரு கொடிமரம். அதற்குப் பின்னால் உயரத்தில் இந்த வெள்ளைச் சதுரம். கடலில் இருந்து பார்க்கும்போது கொடிமரம் இந்த வெள்ளையை நடுவால் பிளந்ததுபோல நின்றால் என் கப்பல் கால்வாயின் நடுவில் இருக்கிறது. வெள்ளை இடப்பக்கம் ஒதுங்கினால் ஒரு பாறை. வலப்பக்கம் ஒதுங்கினால் மற்றப் பாறை. அவ்வளவுதான். என் வாழ்க்கையில் நான் அதிகமாகப் பார்த்த பொருள் இதுதான். என் மனைவியின் முகத்தைவிட அதிகம் பார்த்திருப்பேன்."

ஆனால் சரக்கு இறக்கும் கரையின் கல்லணையோடு அவருடைய கை நின்றுவிட்டது. அணைக்கும் மலைக்கும் நடுவே மா மொட்டையாகக் கிடந்தது.

"இதில என்ன வரும், கப்டன்? ஊர்தானே?"

"ஊர்தான். எனக்குத் தெரியாது." எரிச்சலோடு சொன்னார். "கப்பலைக் கட்டி முடித்தால் கார் வந்து நிற்கும். நாங்கள் எல்லாரும் மேலே குளிர் மலையில் குடியிருந்தோம். கீழே வெக்கை. அலுவலகம் இருந்த தெரு தெரியும், கிளப் இருந்த தெரு தெரியும். மற்றதெல்லாம் எனக்கு வெறும் கூரைகள். அதை அப்படியே விடுங்கள்."

கலாவதியால் விட முடியவில்லை. அன்று வீட்டுக்குப் போய் பாலேந்திராவுக்குச் சொன்னாள்.

"இஞ்சருங்கோ, ஒரு மனுசன் அத்தனை வருசம் ஒரு ஊருக்குக் கப்பல் கொண்டுவந்திருக்கிறார். அந்த ஊருக்குள்ள என்ன இருக்கெண்டு அவருக்குத் தெரியாதாம்."

"நான் ரெண்டு வருசமாய் அந்தப் பெற்றோல் ஸ்டேஷனில நிக்கிறன். பின்பக்கத் தெருவில என்ன இருக்கெண்டு எனக்கும் தெரியாது" என்றான் அவன் சோற்றைப் பிசைந்தபடி.

மாசி மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில் கலாவதி சிவன் கோயிலில் பிரசாதம் வாங்கிக்கொண்டு நின்றாள். பக்கத்தில் நின்ற ஒரு வயதான அம்மாவை அவள் பல தடவை கண்டிருக்கிறாள். சேலையைக் கொஞ்சம் வேறு மாதிரி உடுப்பா. எல்லாரோடும் சேர்ந்து பதிகம் பாடுவா, ஒரு சொல்லும் பிசகாது. ஆனால் தமிழில் ஏதாவது கேட்டால் சிரித்துவிட்டு இங்கிலீசில் பதில் சொல்லுவா. அன்று கலாவதி கேட்டாள், எந்த ஊர் என்று.

"மொறீசியஸ். என் பெயர் பாக்கியம். பாட்டனுக்குப் பாட்டன் காலத்தில் கப்பலில் போனவர்கள் நாங்கள். பாட்டு இருக்கிறது, பேச்சுப் போய்விட்டது."

"மொறீசியஸில எந்த இடம்?"

"போர்ட் லூயிஸ். அப்பா துறைமுகத்தில் சீனிச் சாக்குத் தூக்கினவர்."

கலாவதியின் கையில் இருந்த சர்க்கரைப் பொங்கல் தொன்னை சரிந்தது. பீற்றரைப் பற்றி, மாவைப் பற்றி, அணையோடு நின்றுபோன கையைப் பற்றி மூச்சுவிடாமல் சொன்னாள். பாக்கியத்தின் முகத்தில் சந்தோஷம் ஒன்றும் வரவில்லை.

"பைலட்டா? வெள்ளைத் தொப்பி, கொடி கட்டின வள்ளம். எங்களுக்குத் தெரியும். எங்கள் பக்கம் திரும்பியும் பார்க்கமாட்டார்கள். அவர் செய்கிற துறைமுகத்தில் எனக்கு என்ன வேலை?"

"அக்கா, அவருக்குக் கண் தெரியாது. ஊர் இருக்கிற இடம் வெறுமனே கிடக்குது. பாக்க ஒரு மாதிரிக் கிடக்கு. அதுதான் கேட்டனான்."

பாக்கியம் பிரசாதத்தைப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டா. ஆனால் அடுத்த கிழமை, மத்தியானச் சாப்பாடு முடிகிற நேரத்தில், தடித்த கோட்டும் கையில் ஒரு பையுமாக நிலையத்து வாசலில் வந்து நின்றா.

கலாவதி பலகையடிக்குக் கூட்டிப்போனாள். பாக்கியம் நின்று பார்த்தா. பெருவிரல் மலையைக் கண்டதும் அவவின் கை தானாக வாயைப் பொத்தியது. பிறகு பீற்றரைப் பார்த்துத் தங்கள் தீவின் கிரியோல் மொழியில் ஏதோ சொன்னா. கிழவர் கதிரையில் நிமிர்ந்து இருந்தார். அதே மொழியில், தட்டுத் தடுமாறி, பதில் சொன்னார்.

"என்ன கேட்டனீங்கள், அக்கா?"

"இந்த ஊரில் சனங்கள் இல்லையா என்று கேட்டேன். நீங்கள் வரும்வரை இல்லை என்கிறார்."

பாக்கியம் கோட்டைக் கழற்றி, சேலையை இடுப்பில் செருகினா. "மா கொண்டு வாருங்கள்" என்றா.

அணையில் இருந்து தொடங்கினா. முதலில் சீனிக் கிட்டங்கிகள், நீளநீளமாக. "உள்ளே இருட்டு. சாக்கு கூரைவரை அடுக்கியிருக்கும். அப்பா அதன் உச்சிக்குப் பலகையால் ஏறுவார், தோளில் சாக்கோடு. வேர்வையில் சீனி கரைந்து முதுகில் ஒட்டியிருக்கும். வீட்டுக்கு வந்தால் எறும்பு மொய்க்கும்." பிறகு இந்தியாவில் இருந்து கூலிகளாகக் கப்பலில் வந்தவர்களை இறக்கிய கற்படிகள். அவற்றை ஒவ்வொரு படியாக விரலால் தொட்டா. பிறகு சந்தை, பனைமரம் மாதிரி நெடிய மரங்கள் நின்ற சதுக்கம், சீனர்களின் கடைகள், பள்ளிவாசல், சாக்குத் தைக்கிற பெண்கள் இருந்த ஒழுங்கை. ஒவ்வொன்றாக வைத்துவிட்டு பீற்றரின் கையைப் பிடித்து அதன் மேல் வைத்தா. அவர் தடவினார். வாய் எதையோ முணுமுணுத்தது.

"நீங்கள் கப்பல்களைப் பார்த்திருக்கிறீர்களா?" என்று அவர் கேட்டார்.

"பாய்மரமும் புகைபோக்கியும் கூரைக்கு மேலே தெரியும். முழுக் கப்பலைப் பார்த்ததில்லை. கிட்டங்கிகள் மறைக்கும், எங்களை உள்ளே விடமாட்டார்கள். ஆனால் மலையில் கொடி ஏறினால் தெரியும், கப்பல் வருகிறது என்று. அப்பா ஓடுவார்."

"அந்தக் கொடிகள் எங்களுக்காக ஏற்றினவை."

"எங்களுக்கும்தான்" என்றா பாக்கியம்.

அன்று பின்னேரம் மினிபஸ் வந்தபோது பீற்றர் போகமாட்டேன் என்றார். டோரின் அவரைத் தன்னுடைய காரில் விடுவதாகச் சொல்லி பஸ்ஸை அனுப்பினாள். பாக்கியத்தின் விரல்கள் ஊரைத் தாண்டி, குதிரைப் பந்தய மைதானத்தைத் தாண்டி, மலைச்சரிவில் ஏறின. வரிசை வீடுகளைச் சின்னச் சின்னத் துண்டுகளாகக் கிள்ளி வைத்துக்கொண்டு போனவ சட்டென்று நின்றா.

"இது என்ன? யார் இங்கே பொத்தான் வைத்தது?"

"அதை அசைக்க வேண்டாம்!" பீற்றரின் கை பாய்ந்தது. "அதுதான் என் அடையாளம்."

"இது எங்கள் வீடு இருந்த இடம்."

கலாவதி கையில் தேத்தண்ணிக் கோப்பையோடு நின்றாள்.

"வெள்ளைச் சதுரம்" என்றார் பீற்றர் மெல்ல. "சுண்ணாம்பு அடித்த சுவர்."

பாக்கியம் பக்கத்தில் இருந்த கதிரையில் இருந்தா. "எங்கள் வரிசையில் கடைசி வீடு. பின்சுவர் கடலைப் பார்த்தபடி. வருஷா வருஷம் அரசாங்கத்து ஆள் வாளியும் சுண்ணாம்பும் கொண்டு வருவான். வீட்டின் முன்பக்கம் கறுத்துக் கிடக்கும், அதைத் தொடமாட்டான். பின்சுவருக்கு மட்டும் அடித்துவிட்டுப் போவான். அதில் ஒரு துணிகூடக் காயப்போடக் கூடாது என்று கட்டளை. ஏன் என்று ஒருவரும் சொன்னதில்லை. வெள்ளைக்காரனுக்கு எங்கள் வீட்டின் முதுகு மட்டும் வெள்ளையாக இருக்க வேண்டுமாக்கும் என்று அம்மா சிரிப்பா." பொத்தானை விரலால் தொட்டா. "நான் ஒரு தரம் காயப்போட்டேன்."

பீற்றர் தலையைத் திருப்பினார். "சிவப்பு" என்றார்.

பாக்கியம் அவரையே பார்த்தா.

"அப்போது நான் வேலைக்கு வந்து அதிக காலம் ஆகவில்லை" என்றார் அவர். "ரங்கூனில் இருந்து அரிசிக் கப்பல். காலை நேரம். கால்வாயின் வாய்க்குக் கப்பலைத் திருப்பியாயிற்று. இரண்டு பக்கமும் அலை நுரைத்து உடைகிறது. நிமிர்ந்து பார்க்கிறேன், வெள்ளை இல்லை. மலையில் அந்த இடத்தில் ஒரு சிவப்பு. எஞ்சினைப் பின்னுக்கு அடித்து நங்கூரத்தைப் போட்டேன். கப்பல் தலைவன் என்னைத் திட்டாத திட்டில்லை. வெயில் ஏறும்வரை அப்படியே நின்றோம். பிறகு சிவப்புப் போனது, வெள்ளை வந்தது. அடையாளம் காணாமல்போன நாள் என்று கிளப்பில் எத்தனையோ தரம் அந்தக் கதையைச் சொல்லியிருக்கிறேன்."

"அது போர்வை" என்றா பாக்கியம். "முதல்நாள் இரவு அம்மாவுக்கு என் தம்பி பிறந்தான். வீட்டில் இருந்தது ஒரே ஒரு போர்வை. விடியற்காலையில் நான்தான் ஓடையில் தோய்த்தேன். எனக்குப் பன்னிரண்டு வயது. பிள்ளைக்குக் குளிர்கிறது, கெதியாகக் காய வேண்டும். வெயில் முதலில் விழுகிறது அந்தச் சுவரில்தான். போட்டேன். ஒரு பொலிஸ்காரன் மூச்சு வாங்க வாங்க மேலே ஏறி வந்து அதை இழுத்து மண்ணில் எறிந்தான்." பீற்றரின் பக்கம் திரும்பிக் கேட்டா. "அப்போ நீங்களா அவனை அனுப்பினது?"

"அடையாளம் தெரியவில்லை என்று கரைக்குக் கொடி காட்டச் சொன்னேன். ஓம், நான்தான்."

"நான் போர்வையைத் திரும்பவும் தோய்த்தேன்."

பீற்றரின் பெரிய கைகள் மாவின் மேல் அசையாமல் கிடந்தன. "பிள்ளை?" என்று கேட்டார்.

"இருக்கிறான். பேரப்பிள்ளைகளும் கண்டுவிட்டான்."

"அவனுக்காகத்தான் அந்தக் கப்பல் நின்றிருக்கிறது" என்றார் அவர். அவருடைய குரலில் இருந்தது கவலையா வியப்பா என்று கலாவதிக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. "ஆறாயிரம் மூட்டையோ என்னவோ, அவ்வளவு அரிசியோடு. எனக்கு இத்தனை காலமும் தெரியாது."

பாக்கியம் கோபத்தோடு எழும்பிப் போய்விடுவா என்று கலாவதி பயந்தாள். அவ போகவில்லை. பொத்தானைச் சுற்றி மாவைக் கிள்ளி, ஒரு சின்ன வீட்டின் மற்ற மூன்று சுவர்களையும் எழுப்பினா. முன்வாசல் வைத்தா. பிறகு பீற்றரின் விரலைப் பிடித்து, பின்சுவரில் இருந்து கூரையால் ஏற்றி, முன்பக்கம் இறக்கி, வாசற்படியில் வைத்தா.

"இதுதான் முன்பக்கம்" என்றா.

கலாவதி சமையலறைக்குத் திரும்பிப்போய் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டுச் சும்மா நின்றாள். ஒரு பிள்ளை ஒரு துணியைக் காயப் போட்டிருக்கிறது. கடலில் ஒரு கப்பல் நின்றுபோயிருக்கிறது. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் அறியாமல் கிழண்டு, உலகத்தின் இன்னொரு மூலையில், இவள் பிசைந்த மாவில் கைவைத்திருக்கிறார்கள். தான் ஏதோ பெரிய காரியத்தின் ஓரத்தில் தற்செயலாகக் கால் வைத்துவிட்டதுபோல அவளுக்கு இருந்தது.

பாக்கியம் அந்தக் கிழமையே போர்ட் லூயிஸுக்குத் தொலைபேசியில் பேசினா. தம்பிக்கு முழுக்கதையும் சொன்னாவாம். தம்பி கேட்டது ஒன்றே ஒன்று. அந்தக் கப்பலின் பெயர் என்ன?

பீற்றர் யோசித்தார். நாள்கணக்காக யோசித்தார். எத்தனையோ கப்பல்களின் பெயர்களைச் சொன்னார், எந்தக் கம்பனி, என்ன நிறப் புகைபோக்கி என்றெல்லாம் சொன்னார். அந்த ஒன்று மட்டும் வரவில்லை. கடைசியில் சோர்ந்துபோய், "அரிசி கொண்டுவந்தது என்று சொல்லுங்கள். அவனுக்கு அது போதுமா?" என்றார்.

"போதும். அதைத்தானே தின்று வளர்ந்தான்" என்றா பாக்கியம்.

அதன்பிறகு சனம் வந்து பார்க்கத் தொடங்கியது. பாக்கியத்தின் மகள் வேலை செய்த ஆஸ்பத்திரியில் இருந்து மொறீசியஸ் நேர்சுகள் வந்து, சினிமா இருந்த இடம், பஸ் நின்ற இடம் என்று ஆளுக்கொன்று வைத்துவிட்டுப் போனார்கள். டோரின் பலகையின் மேற்கு விளிம்பில் ஒரு உருண்டையை ஒட்டி, "கிங்ஸ்டன் இந்தப் பக்கம். கன தூரம்" என்றாள்.

வைகாசியில் வெயில் ஜன்னலால் விழத் தொடங்கியதும் மா வெடித்தது. ஒரு திங்கட்கிழமை காலை பெருவிரல் மலை முறிந்து துறைமுகத்துக்குள் விழுந்து கிடந்தது. கலாவதிக்கு அழுகை வந்துவிட்டது. சொல்லவே தயங்கினாள். பீற்றர் தடவிப் பார்த்துவிட்டு, "அதனால் என்ன. இப்போது எனக்கு ஊர் தெரியும்" என்றார். பிறகு, "எங்காவது தண்ணீர் இருக்கிற இடத்துக்குப் போனால் நன்றாக இருக்கும்" என்றார்.

பாக்கியம்தான் வழி சொன்னா. வூலிச்சில் தேம்ஸ் ஆற்றைக் கடக்க இலவசமாக ஒரு பெரிய படகு ஓடுகிறது. அதில் இருந்து பார்த்தால் அக்கரையில் சீனி ஆலையின் இறங்குதுறை தெரியும். மகளின் வீட்டுக்குப் போகும்போது ஒரு தரம் தூரத்தில் கண்டிருக்கிறா.

ஒரு சனிக்கிழமை மூவரும் பஸ் ஏறிப் போனார்கள். படகின் மேல்தட்டில், கம்பியைப் பிடித்தபடி, நடுவில் பீற்றர், இரண்டு பக்கமும் பெண்கள். படகு கரையை விட்டு விலகியதும் மேற்கில் இருந்து காற்று வந்தது. பீற்றர் வாயைக் கொஞ்சம் திறந்து அந்தக் காற்றை உள்ளே எடுத்தார்.

"சுத்திகரிக்காத சீனி" என்றார். "கப்பல் நிற்கிறதா?"

நின்றது. கலாவதி இவ்வளவு பெரிய பொருள் ஒன்று தண்ணீரில் மிதந்து வாழ்நாளில் கண்டதில்லை. ஒரு தெருவையே தூக்கி ஆற்றில் வைத்ததுபோல இருந்தது. பாரந்தூக்கிகள் தலையைக் குனிந்து அதன் வயிற்றுக்குள் போய், இரும்பு வாய் நிறையக் கவ்விக்கொண்டு நிமிர்ந்தன. வாயின் இரண்டு ஓரத்தாலும் மண்ணிறமாகச் சீனி சிந்தியது. அந்தத் தூள் வெயிலில் பொன்புகை மாதிரிப் பரவியது.

"அக்கா, அவருக்குச் சொல்லுங்கோவன்" என்றாள் கலாவதி.

பாக்கியம் முதன்முதலாக ஒரு கப்பலை முழுக்கப் பார்க்கிறா, அதுவும் வயிறு திறந்து கிடக்கிற கப்பலை. கம்பியை இறுக்கிப் பிடித்திருந்தா. "ஒரு கவ்வு" என்றா கடைசியில். "ஒரே கவ்வு. அப்பாவின் ஆட்கள் அவ்வளவையும் காலை முழுக்கச் சுமப்பார்கள்."

படகு அக்கரையில் தொட்டது. இறங்கினார்கள், திரும்ப வரிசையில் நின்று ஏறினார்கள். ஆறு வெள்ளியாக விரிந்து கிழக்கே வளைந்து போனது. கலாவதி அந்த வளைவையே பார்த்துக்கொண்டு நின்றாள். இந்தத் தண்ணீரும் அந்தத் தண்ணீரும் ஒன்றுதான் என்ற சாதாரண விஷயம், பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கும் தெரிந்த விஷயம், அன்றைக்குத்தான் அவளுக்கு உடம்பில் ஏறியது.

"கப்டன், இஞ்சயிருந்து அந்தத் துறைமுகத்துக்கு எப்பிடிப் போறது?"

பீற்றர் முகத்தைத் திருப்பிக் கன்னத்தில் காற்றைப் பார்த்தார். தடியைக் கலாவதியிடம் கொடுத்துவிட்டு வலக்கையை முன்னால் நீட்டினார்.

"ஆற்றோடு கிழக்கே இறங்க வேண்டும். கடல் வந்ததும் வலப்பக்கம். இங்கிலாந்தின் காலடியால் மேற்கே. பிறகு தெற்கே, பிரான்ஸ், ஸ்பெயின், எல்லாம் இடக்கைப் பக்கம்..." கை காற்றில் மெல்ல வளைந்து வளைந்து போனது. "சூயஸ் வெட்டுவதற்கு முன் எல்லாரும் ஆபிரிக்காவின் அடியைச் சுற்றித்தான் போனார்கள். அவசரம் இல்லாவிட்டால் நாமும் அப்படியே போகலாம்."

"அவசரம் இல்லை" என்றா பாக்கியம்.

படகில் நின்ற சனங்கள் திரும்பிப் பார்த்தார்கள். கிழவரின் கை ஆபிரிக்காவின் மேற்குக் கரையோரமாக இறங்கிக்கொண்டிருந்தது. அந்தக் கைக்கு இடம் போதாது என்று கண்டு பாக்கியம் தன் பையைத் தூக்கி மறுபக்கம் வைத்துவிட்டு, ஓரடி விலகி நின்றா.